அயல்நாட்டுத் திரையில் ஒரு தமிழ்ச் சிறுமி

மனிதனின் வளர்ச்சியை இலக்கியப் பொருளாகக் கொள்ளும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் குழந்தையின் வளர்ச்சியைக் காப்புப் பருவம் முதலாகப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடும். உலா நூல்களோ பெண்ணின் வாழ்நாளைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாகப் பகுத்துக் கூறும். ஆயினும் இவ்விலக்கியங்களிற் குழந்தையாக வருவது பெரும்பாலும் தெய்வம் அல்லது அரசன். பருவங்களும் முன்னரே வரையறுக்கப்பட்டவை. சாதாரணமான ஓர் இளைஞன் தன் காலத்துடனும் சமூகத்துடனும் முட்டி மோதித் தடுமாறி, தன்னைத் தானே அறிந்து கொள்ளும் கதையை ஒரு தனி வகையாக வளர்த்தது ஐரோப்பிய இலக்கியமாகும். ஜெர்மானிய அறிஞர் கதே 1795, 1796 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'வில்ஹெல்ம் மைஸ்டர்' என்னும் நாவலை இவ்வகைக்கு முன்மாதிரியாகக் கொள்வர். அதனை வளர்ச்சி நாவல் எனத் தமிழிற் சுட்டலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கதைவகையைத் திரைப்படம் தனதாக்கிக் கொண்டது. பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூபோ 1959 இல் எடுத்த 'நானூறு அடிகள்' என்னும் படம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வீட்டிலும் பாடசாலையிலும் அன்பு காணாத அந்துவான் என்னும் பாரிஸ் நகரச் சிறுவன் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பியோடிக் கடற்கரையை அடைவதுடன் அக்கதை முடிகின்றது. அச்சிறுவனின் துயரம் உலகெங்கும் உணரப்பட்டது. எனினும் அவன் பிரான்சிற் பிறந்து பிரெஞ்சு பேசும் பிள்ளை. தன் துயரைச் சொல்ல அவனுக்கு இன்னொரு மொழி தேவைப்படவில்லை. அதே பாரிஸ் நகரில், அதே வயதில், வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் வேறொரு மொழியுமாக வளரும் பிள்ளையின் கதை யாது? அதைச் சொல்ல வல்லவர் யாவர்? தற்காலத் திறனாய்வாளர் பல்வகைமை என்றும் பிரதிநிதித்துவம் என்றும் பேசுவனவெல்லாம் இவ்வினாக்களிலிருந்தே எழுகின்றன.

பிரதிநிதித்துவம் என்பதன் பொருள்

பிரதிநிதித்துவம் என்னும் சொல்லை நம்மவர் பெரும்பாலும் அரசியலிலேயே வழங்கி வந்துள்ளனர். சட்டமன்றத்தில் ஓர் ஊருக்காக ஒருவர் பேசுவது போல, கலையில் ஒரு மக்கட் கூட்டத்திற்காக ஒரு பாத்திரம் நிற்கின்றது. ஆனால் சட்டமன்றப் பிரதிநிதியை மக்கள் தெரிவு செய்கின்றனர். கதாபாத்திரத்தை அவ்வாறு தெரிவு செய்வாரில்லை. ஆகவே, கலையிற் பிரதிநிதித்துவம் செம்மையாக அமைந்ததா என்பதை அறிய வேறு அளவுகோல் வேண்டும்.

மூன்று வினாக்களால் அதனை அளந்து பார்க்கலாம். முதலாவது, திரையில் யாருடைய முகம் தோன்றுகின்றது என்பது. இரண்டாவது, அம்முகம் எம்மொழியிற் பேசுகின்றது என்பது. மூன்றாவது, கதையின் தொடக்கத்தில் இருந்த அம்மனிதர் கதை முடியும்போது மாறியும் வளர்ந்தும் இருக்கின்றாரா என்பது. முதல் வினாவோடு நின்று விடுவோர் பலர். பின்னணியில் ஒரு கடைக்காரராகவோ பணிப்பெண்ணாகவோ வேற்றினத்தவர் ஒருவர் தோன்றிவிட்டாற் போதும் என அவர் கருதுவர். அஃது எண்ணிக்கையேயன்றிப் பிரதிநிதித்துவம் ஆகாது. ஒருவருக்கு மொழியையும் உள்ளத்தையும் வளர்ச்சியையும் கொடுக்கும் போதே அவர் கதையில் மனிதராகின்றார்.

பிரான்சு தேசத்தில் எண்ணிக்கை தானும் எளிதன்று. குடியரசின் முன் குடிமக்கள் யாவரும் ஒரே நிலையினர் என்னும் கொள்கையால், மக்களை இன அடிப்படையிற் கணக்கிடுவதை அந்நாட்டுச் சட்டம் பெரிதும் தடுத்துள்ளது. 2007 இல் அந்நாட்டின் அரசியலமைப்புச் சபையும் அத்தகைய கணக்கெடுப்புக்கு இடமளிக்க மறுத்தது. கொள்கை உயர்ந்ததே. ஆயினும், வேற்றுமையை எண்ணாதிருப்பது வேற்றுமையால் வரும் துன்பத்தை இல்லாததாக்கி விடாது. புள்ளிவிபரம் பேசாத இடத்தில் அந்நாட்டின் கதைகளும் திரைப்படங்களும் பேச வேண்டியவையாயின.

2008 ஆம் ஆண்டிற் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'சுவர்களுக்கிடையே' என்னும் படம் அவ்வாறு பேசியவற்றுள் ஒன்று. லோரான் காந்தே இயக்கிய அப்படம் பாரிஸ் நகரின் 20 ஆம் வட்டாரப் பாடசாலை ஒன்றன் வகுப்பறையை விட்டு அதிகம் வெளியே செல்வதில்லை. ஆசிரியராயிருந்த பிரான்சுவா பெகோதோ என்பார் 2006 இல் எழுதிய நூலைத் தழுவிய அப்படத்தில் அவரே ஆசிரியராகவும், உண்மையான மாணவர்களே மாணவர்களாகவும் நடித்தனர். ஆபிரிக்க, அரபு, சீனக் குடும்பங்களின் பிள்ளைகள் ஆசிரியரோடு பிரெஞ்சு மொழியிலேயே வாதிடுகின்றனர். அவர்களுடைய வீட்டு மொழி வகுப்பறைச் சுவருக்கு வெளியே நின்று விடுகின்றது. மாலியிலிருந்து வந்த ஒரு தாய் பாடசாலை விசாரணையில் அமர்ந்திருக்க, அவருக்காக மகன் மொழிபெயர்க்கும் காட்சியில் மட்டும் அச்சுவர் சிறிது திறக்கின்றது. ஏழாண்டுகளின் பின் அதே விருதைப் பெற்ற மற்றொரு பிரெஞ்சுப் படம் அக்கதவைப் பெரிதாகவே திறந்தது. அப்படத்தின் பெயர் 'தீபன்'. அதில் ஒலித்த வீட்டு மொழி தமிழ்.

அல்லைப்பிட்டியும் அதன் மைந்தரும்

'தீபன்' படத்தின் தலைமைப் பாத்திரத்தை ஏற்று நடித்தவர் அந்தோனிதாசன் யேசுதாசன். ஷோபாசக்தி என்னும் புனைபெயரால் தமிழிலக்கிய உலகம் அவரை அறியும். அவர் 1967 இல் அல்லைப்பிட்டியிற் பிறந்தவர். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே பரவைக் கடலைக் கடந்து செல்வார், வேலணைத் தீவின் கீழ்க்கோடியில் இக்கிராமத்தைக் காண்பர். ஒல்லாந்தர் தம் நகர் ஒன்றன் பெயரால் லைடன் என அழைத்த தீவும் இதுவே. 1977 இல் ஜோன் காஸ்வெல் என்னும் ஆய்வாளர் இங்கு அகழ்ந்தெடுத்த சீன மட்பாண்டத் துண்டுகள் சொங் வமிசக் காலத்தவை எனக் கணிக்கப்பட்டன. ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தூரதேசக் கப்பல்கள் அணுகிய கரை இஃது என்பதற்கு அவை சான்று.

அண்மைக்கால வரலாறோ துயர் மிக்கது. 1990 ஓகஸ்டில் நிகழ்ந்த இராணுவ நடவடிக்கையின் போது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் இளைஞர் பலர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற் போயினர். 2006 மே 13 ஆம் நாள் இரவு அல்லைப்பிட்டி வீடொன்றிற் சிறு குழந்தைகள் உட்படப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஓகஸ்டில் மக்கள் அடைக்கலம் புகுந்திருந்த புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்தின் மீது எறிகணைகள் வீழ்ந்தன. மக்களைக் காக்க முயன்ற பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் சில நாட்களில், ஓகஸ்ட் 20 அன்று, உதவியாளருடன் காணாமற் போனார். இவ்வூரின் பிள்ளைகள் பலர் அகதி முகாமிலும் அயல்நாட்டிலுமே பருவம் எய்தினர். ஆகவே, வளர்பருவக் கதை என்பது அல்லைப்பிட்டியாருக்கு ஏட்டில் மட்டும் உள்ள இலக்கிய வகை அன்று.

யேசுதாசனின் இளமையும் அத்தகையதே. பதின்பருவத்திலேயே விடுதலைப் புலிகள் இயக்கத்திற் சேர்ந்த அவர் 1986 அளவில் அதிலிருந்து விலகினார். பின் நாடுகள் சில அலைந்து 1993 இற் பிரான்சை அடைந்து அகதித் தஞ்சம் பெற்றார். அங்கே பாத்திரம் கழுவுதல் முதலாய கூலித் தொழில்கள் பல செய்து கொண்டே எழுதினார். 2001 இல் வெளிவந்த 'கொரில்லா', 2004 இல் வெளிவந்த 'ம்' ஆகிய நாவல்கள் ஈழத்துப் புனைகதையில் அவருக்கு இடம் தேடித் தந்தன. 'தீபன்' கதையின் ஏறக்குறைய அரைப் பங்கு தம் சொந்த வாழ்வோடு ஒத்தது என அவர் நேர்காணல்களிற் கூறியுள்ளார். எனவே, இப்படத்தின் முகம் வெறும் ஒப்பனை முகமன்று. நாம் கூறிய முதல் வினாவுக்குப் படம் நேர்மையான விடை அளித்துள்ளது.

கதையின் அமைப்பு

இப்படத்தை இயக்கியவர் ஜாக் ஓதியார். 2015 மே மாதத்தில், அமெரிக்க இயக்குநர்களான கோவன் சகோதரர் தலைமை தாங்கிய நடுவர் குழு இதற்குத் தங்கப்பனை விருதை வழங்கியது. அப்பெயரைக் கேட்கும் யாழ்ப்பாணத்தவர் நெஞ்சில் நம் கற்பகதரு தோன்றுதல் இயல்பே. எனினும் விருதிலுள்ள ஓலை கான் நகரச் சின்னத்திலிருந்து பெறப்பட்டது; நம் பனையோடு அதற்கு உறவில்லை.

கதை சுருக்கமானது. போரின் முடிவில் சிவதாசன் என்னும் போராளி தன் சீருடையை எரித்து விட்டு அகதி முகாமை அடைகின்றான். இறந்துபோன தீபன் என்பவனுடைய கடவுச்சீட்டு அவனுக்குக் கிடைக்கின்றது. அச்சீட்டில் மனைவியும் ஒன்பது வயது மகளும் உண்டு. ஆகவே யாழினி என்னும் பெண் மனைவியாகச் சேர்கின்றாள். அவளே முகாமில் அலைந்து பெற்றோரற்ற ஒரு சிறுமியைத் தேடிக் கொண்டு வருகின்றாள். அச்சிறுமியின் பெயர் இளையாள். ஒருவரையொருவர் அறியாத மூவர் ஒரு குடும்பமாகிப் பிரான்சிற்குச் செல்கின்றனர். தீபன் முதலிற் பாரிஸ் வீதிகளிற் சில்லறைப் பொருள் விற்கின்றான். பின் நகருக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்பாளனாகின்றான். யாழினி நோயுற்ற முதியவர் ஒருவருக்குச் சமைத்துப் பணி செய்கின்றாள். இளையாள் பாடசாலைக்குப் போகின்றாள். அக்குடியிருப்பு போதைப்பொருள் விற்போரின் பிடியில் இருக்கின்றது. ஒரு போரிலிருந்து தப்பி வந்தவர் வேறொரு போரின் வாயிலில் நிற்கின்றனர்.

குடியிருப்புக் காட்சிகள் பாரிஸ் நகருக்கு மேற்கேயுள்ள பொவசியின் லா குத்ரே என்னும் இடத்திற் படமாக்கப்பட்டன. மொந்தெஸ்கியூ 1721 இல் வெளியிட்ட 'பாரசீகக் கடிதங்கள்' என்னும் நூல் இப்படத்திற்கு ஒரு தூண்டுகோல் என இயக்குநர் கூறியுள்ளார். அந்நூலிற் பாரசீகப் பயணிகள் இருவர் பிரெஞ்சுக்காரரின் வழக்கங்களை வியப்போடு நோக்குகின்றனர். இங்கே தமிழ்க் குடும்பம் அந்த இடத்தை எடுத்துக் கொள்கின்றது. எதிர்ப்பக்கக் கட்டடத்தில் நடப்பவற்றை அவர்கள் தம் இருண்ட வீட்டுச் சாளரத்தினூடாகப் படம் பார்ப்பது போலப் பார்த்திருக்கும் காட்சி இதற்குச் சான்று. ஐரோப்பியத் திரையில் வழக்கமாகப் பார்க்கப்படுபவரே இங்கே பார்ப்பவராயினர்.

மொழி என்னும் உரிமை

இனி இரண்டாம் வினாவை நோக்குவோம். பிரான்சின் பழைய குடியேற்ற நாடுகளிலிருந்து வந்தோரைப் பற்றிப் பிரெஞ்சுப் படங்கள் பல உள. அவர்களிற் பெரும்பாலோர் ஓரளவு பிரெஞ்சு அறிந்தவர். இலங்கைத் தமிழரோ பிரெஞ்சு ஆட்சியை அறியாதவர்; அம்மொழியின் ஓர் எழுத்தும் தெரியாமல் அந்நாட்டில் இறங்கியவர். இந்த முழுமையான அந்நியத்தையே இயக்குநர் நாடினார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் படத்தின் உரையாடலிற் பெரும்பகுதி தமிழிலேயே நடைபெறுகின்றது. பிரெஞ்சு மக்கள் தம் நாட்டுப் படம் ஒன்றைத் தம் மொழியின் எழுத்துரை துணைகொண்டு வாசித்துப் பார்க்க வேண்டியவராயினர். தமிழரே அங்கு எழுத்துரை இன்றிக் கேட்டவர்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. உடைந்த பிரெஞ்சு பேசும் ஒருவன் கேட்போருக்கு அறிவு குறைந்தவனாகத் தோன்றுவான். தன் மொழியில் அவன் பேசும்போதே அவனுடைய கோபமும் தந்திரமும் நகைச்சுவையும் வெளிப்படும். பிரெஞ்சுக்காரரின் பகிடிகள் தனக்கு விளங்குவதில்லை எனத் தீபன் குறைப்பட, தமிழிலும் உனக்குப் பகிடி விளங்காது என்னும் பொருள்பட யாழினி கூறும் காட்சி ஒன்றுண்டு. அவனுடைய குறை மொழியில் இல்லை, சுபாவத்தில் உள்ளது என்று கண்டு கொள்வதற்கு மனைவியின் தமிழ் வேண்டியிருந்தது. அகதி விசாரணைக் காட்சியும் இத்தகையதே. தீபன் சொல்லுவது ஒன்றாகவும் தமிழரான மொழிபெயர்ப்பாளர் அதிகாரிக்குச் சொல்லுவது இன்னொன்றாகவும் இருக்க, ஒரு மனிதனின் வாழ்வு மொழிபெயர்ப்பாளரின் நாவில் ஊசலாடுகின்றது.

குறையும் சொல்ல வேண்டும். யாழினியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து வந்தவர். யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் ஊறிய செவிக்கு, ஒரே வீட்டில் இரு கரைத் தமிழ் ஒலிப்பது புலப்படும். பிரெஞ்சுப் பார்வையாளருக்கு இவ்வேறுபாடு தெரிந்திராது. தமிழ் என்பது ஒன்றே என அவர் எண்ணியிருப்பர். ஒரு சமூகத்தைப் புறத்தேயிருந்து நோக்கும்போது அதன் உட்பிரிவுகள் மறைந்து போகும் என்பதற்கு இஃது ஓர் உதாரணம். ஆயினும் அந்நடிகையின் கண்களும் கைகளும் செய்த பணி இக்குறையைப் பெரிதும் ஈடு செய்தது.

இளையாளின் வளர்ச்சி

மூன்றாம் வினாவே கடினமானது. இப்படத்தில் உண்மையாக வளரும் பாத்திரம் எது? தலைப்புத் தீபனுக்குரியது. ஆனால் கூர்ந்து நோக்கின், வளர்பருவக் கதை இளையாளுடையது என்பது விளங்கும். தீபன் தன் கடந்த காலத்திலிருந்து தப்ப முயல்கின்றான். யாழினி இங்கிலாந்திலுள்ள உறவினரிடம் போய்ச் சேர விரும்புகின்றாள். அந்த நாட்டிலேயே வேரூன்ற வேண்டிய கட்டாயம் சிறுமிக்கே உண்டு. கிளாதின் விநாசித்தம்பி என்னும் சிறுமி இப்பாத்திரத்தை நடிப்பென்று தோன்றாதவாறு நடித்துள்ளார்.

நம் முன்னோர் வகுத்த பருவங்களின்படி இளையாள் பெதும்பை. அவளுக்குப் பாடசாலை முதலில் அச்சத்தையே தருகின்றது. பிரெஞ்சு அறியாத பிள்ளைகளுக்கான தனி வகுப்பில் அவள் சேர்க்கப்படுகின்றாள். இத்தகைய ஏற்பாடு கற்பனையன்று. புதிதாக வந்த பிறமொழிப் பிள்ளைகளைச் சிறப்பாகக் கற்பித்துப் படிப்படியாகப் பொது வகுப்பிற் சேர்க்கும் முறையைப் பிரெஞ்சுக் கல்வி அமைச்சு 2012 இல் ஒரு சுற்றறிக்கையால் மீள ஒழுங்குபடுத்தியது. மொழியைக் கற்பிக்க முறை உண்டு. நட்பைக் கற்பிக்க முறை இல்லை. விளையாட்டிற் சேர்த்துக் கொள்ளுமாறு கேட்ட இளையாளை மற்றப் பிள்ளைகள் ஒதுக்குகின்றனர். சொல்லற்ற அவள் கையை ஓங்குகின்றாள். போரிலே பெற்றோரை இழந்த பிள்ளையின் சினம் அவ்விளையாட்டு முற்றத்தில் ஒரு கணம் வெளிப்படுகின்றது. அதனைக் குறும்பு என்று மட்டும் கொள்ளும் ஆசிரியர் அப்பிள்ளையை அறியாதவர் ஆவார்.

படத்தின் உயிரான காட்சி பாடசாலை வாயிலில் நிகழ்கின்றது. ஏனைய தாய்மார் தம் பிள்ளைகளை முத்தமிட்டு உள்ளே அனுப்புகின்றனர். அதைக் கண்ட இளையாள், தன்னையும் அவ்வாறே முத்தமிடுமாறு யாழினியிடம் கேட்கின்றாள். யாழினி அவளைப் பெற்றவளல்லள்; பிள்ளை வளர்த்து அறியாதவள்; கடவுச்சீட்டின் தேவைக்காகவே அவளைக் கைப்பிடித்து வந்தவள். பிள்ளைத்தமிழின் முத்தப் பருவத்தில் தாய் குழந்தையிடம் முத்தம் வேண்டி நிற்பாள். இங்கே முறை மாறிக் குழந்தை தாயிடம் வேண்டி நிற்கின்றது. அதுவும் இரந்து நில்லாது, கற்றுக் கொடுப்பது போலக் கேட்கின்றது. தாய்மை எத்தகையது என்பதைப் பிள்ளையே தாய்க்குக் கற்பிக்கின்றது. தாளிலே எழுதப்பட்ட பொய்யான உறவு அன்று முதல் மெய்யாகத் தொடங்குகின்றது.

மூவருள் முதலிற் பிரெஞ்சைக் கற்றுக் கொள்பவளும் இளையாளே. அதன்பின் அவள் வீட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையே நாவாகின்றாள். புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் இது நாள்தோறும் நிகழ்வது. வைத்தியசாலையிலும் வங்கியிலும் அரச அலுவலகத்திலும் பெற்றோரின் அந்தரங்கத்தைப் பிள்ளை மொழிபெயர்க்கின்றது. தந்தையின் நோயையும் தாயின் கடனையும் அறிந்த பிள்ளை அன்றே பாதி முதிர்ந்து விடுகின்றது. பெற்றோரின் அதிகாரம் குறைந்து பிள்ளையின் சுமை மிகுகின்றது. ஐரோப்பிய வளர்ச்சி நாவலின் நாயகன் பெற்றோரை விட்டு நீங்குவதால் வளர்ந்தான். அகதிக் குடும்பத்துப் பிள்ளை பெற்றோரைத் தாங்குவதால் வளர்கின்றது. வளர்பருவக் கதைக்கு அயல்நாட்டுத் தமிழ் வாழ்வு கொடுத்த புதுமை இதுவே எனலாம்.

படம் நழுவிய இடம்

இத்துணைச் சிறப்பாக எழுந்த பாத்திரத்தைப் படம் இறுதிவரை காத்ததா? காக்கவில்லை என்றே கூற வேண்டும். பிற்பகுதியிற் கதையின் போக்கு மாறுகின்றது. தீபன் குடியிருப்பின் நடுவே வெள்ளைக் கோடு ஒன்றை இட்டுச் சூடு தவிர்ந்த வலயம் என அறிவிக்கின்றான். பின் அவனுள் உறங்கிய போராளி விழித்தெழுந்து, யாழினியைக் காக்கக் கத்தியும் துப்பாக்கியுமாகப் புகுந்து செல்கின்றான். இவ்விறுதிக் காட்சிகளைப் பற்றித் திறனாய்வாளர் பலர் ஐயம் தெரிவித்தனர். அமெரிக்க வீரசாகசப் படங்களை நினைவூட்டும் அம்முடிவு, அகதியின் நாளாந்த வாழ்வை நுணுகி நோக்கிய முற்பகுதியோடு பொருந்தவில்லை என்றனர். குடியிருப்பின் அரபு, ஆபிரிக்க இளைஞரைப் படம் பெரும்பாலும் குற்றவாளிகளாகவே காட்டியது என்னும் குறையும் கூறப்பட்டது. ஒரு சிறுபான்மைக்கு முகம் கொடுத்த படம் மற்றச் சிறுபான்மைகளின் முகத்தை மங்கச் செய்ததாயின், அதுவும் பிரதிநிதித்துவக் குறையேயாம்.

இக்கட்டுரைக்கு மிகப் பெரிதாகத் தோன்றும் குறை வேறு. துப்பாக்கி பேசத் தொடங்கியதும் இளையாள் பெரும்பாலும் கண்ணுக்கு மறைந்து விடுகின்றாள். முடிவில் இங்கிலாந்திலே பசுமையான தோட்டம், நண்பர் கூட்டம், புதிதாய்ப் பிறந்த கைக்குழந்தை ஆகியவை காட்டப்படுகின்றன. தீபனின் புதுவாழ்வுக்கு அவை சான்றாகலாம். பாடுபட்டுக் கற்ற பிரெஞ்சை விட்டு இன்னொரு நாட்டில் இன்னொரு மொழியைத் தொடங்க வேண்டிய இளையாள் யாது உணர்ந்தாள்? பெற்ற குழந்தை வந்தபின் தேடி எடுத்த குழந்தையின் நிலை யாது? தன்னைப் பெற்றவரின் பெயரை அவள் எங்கே வைத்திருக்கின்றாள்? படம் இவற்றை வினவவில்லை. ஆண்மகன் போரிட்டு வெல்லும் கதை உலகத் திரைக்குப் பழக்கமானது. அச்சிறுமியின் கதையோ புதியது. பழக்கமான கதை புதிய கதையை விழுங்கி விட்டது.

இதனால் இயக்குநரைப் பழித்தல் முறையன்று. அந்நியர் ஒருவர் நம் வீட்டு வாயில் வரை வந்து உள்ளே உற்று நோக்கி, கண்டதை உண்மையாகச் சொன்னார். வீட்டின் உள்ளறைகளை அவர் காணாமை வியப்பன்று. அவற்றைச் சொல்ல வேண்டியவர் வீட்டினரே.

வீட்டினர் சொல்லும் கதை

அவ்வகை முயற்சிகளும் தொடங்கியுள்ளன. பிரான்சிற் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மைந்தர் லோரன்ஸ் வாலன் என்பார் எழுதி இயக்கி நடித்த 'லிட்டில் ஜாஃப்னா' என்னும் படம் 2024 இல் வெனிஸ் திரைப்பட விழாவின் திறனாய்வாளர் வாரத்தில் இறுதிப் படமாகக் காட்டப்பட்டது. பாரிஸ் நகரின் லா ஷப்பல் வட்டாரத்தைத் தமிழரின் கடைகளாலும் உணவகங்களாலும் அவ்வாறு அழைப்பர். அதன் அயலிலே 1985 இல் தோன்றிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் ஆண்டுதோறும் பாரிஸ் வீதிகளில் ஓடுகின்றது. அப்படத்தின் நாயகன் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து பிரெஞ்சுக் காவற்றுறையிற் சேர்ந்தவன். தன் இனத்தவர் நடுவே வேவு பார்க்க அனுப்பப்பட்டு, எந்த நாட்டுக்கு உண்மையாக இருப்பது என்று தடுமாறுகின்றான். இளையாள் வளர்ந்து பெரியவளானால் அவளும் எதிர்கொள்ளக் கூடிய வினா இது.

இப்படமும் குற்றக் கதையின் வடிவத்தையே நாடியது என்பதை மறைத்தற்கில்லை. ஐரோப்பியத் திரையில் தமிழன் நுழைய வேண்டுமாயின் கையில் ஆயுதத்தோடுதான் நுழைய வேண்டுமோ என்று கேட்கத் தோன்றுகின்றது. முத்தம் கேட்ட சிறுமியின் கதைக்கு இன்னும் முழுப்படம் ஒன்று வேண்டியிருக்கின்றது. தாய்க்காக மொழிபெயர்த்து, வகுப்பில் மௌனமாயிருந்து, இரண்டு மொழியிலும் கனவு கண்டு வளர்ந்த பெண்கள் பலர் இன்று ஐரோப்பிய நகரங்களில் ஆசிரியராகவும் தாதியராகவும் சட்டத்தரணிகளாகவும் உள்ளனர். அக்கதையை அவர்களே எழுதும் நாளில் மூன்றாம் வினாவுக்கும் நிறைவான விடை கிடைக்கும்.

தீவகத்திலே இருந்து கற்கும் மாணவருக்கும் இதிற் பங்குண்டு. பண்ணைத் தாம்போதியைக் கடந்து நாள்தோறும் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகள் பலருக்குப் பாரிசிலும் லண்டனிலும் தொரன்ரோவிலும் சிற்றப்பன், மாமி, மைத்துனர் உளர். தொலைபேசியிலே பேசும் அந்த மைத்துனப் பிள்ளையின் தமிழ் தடுமாறும் போது நகைப்போரும் உண்டு. நகையாமல், அவர் எம்மொழியில் அழுதார், எம்மொழியில் முதல் நண்பரைப் பெற்றார் என்று கேட்டு எழுதி வைப்பின் அதுவே ஒரு வரலாறாகும். அல்லைப்பிட்டி மணலில் உடைந்த ஓடுகளாகக் கிடந்த சீனப் பாண்டங்களை அறிஞர் பொறுக்கி ஒன்று சேர்த்தமையாலன்றோ பழைய கப்பல்களின் கதை தெரிய வந்தது! கடல் கடந்து சிதறிய இளையோரின் கதையும் அவ்வாறே பொறுக்கிச் சேர்க்கப்பட வேண்டுவதாம்.